திரைக்கு வராத நான்கு வரிகள்

தம்பிக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். பேச்சு போய்விட்டது, வலது கைப் பெருவிரல் மட்டும் சொன்னபடி கேட்கும். அந்த விரலுக்காக சி என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். மேசையில் ஒட்டிய எழுத்து அட்டவணையைப் பார்த்து, எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம் என்று எண்ணி, ஒற்றைப் பட்டனை அத்தனை தடவை அமுக்குவான். எழுத்து திரையில் விழும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுத்துகள் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுவது கண்ணை உறுத்தியது. புதன்கிழமை காலை, ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் இருந்த வரிமாற்றத்தைத் தூக்கிவிட்டு, கர்சரை நடுத்திரைக்கு நகர்த்தி, வார்த்தையாகச் சேர்ந்து வரச் செய்தேன். பட்டனை நீளமாக அமுக்கினால் கர்சர் கீழே இறங்கும் என்று தம்பிக்கும் சொல்லிவைத்தேன். அட்டவணையிலேயே கண் வைத்து ஒரு வார்த்தை அடித்து, புரோகிராமை மூடிவிட்டுத் திரையைப் பார்த்தேன். வார்த்தை நடுவில் அழகாக நின்றது. எனக்கு ஒரே பெருமை.

பத்து மணிக்குத் தெரபிஸ்ட் வந்தார். அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் பயிற்சி தொடருமா நிற்குமா என்று முடிவாகும்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

தம்பி அமுக்கினான். திரை வெறுமையாக இருந்தது.

"பக்கத்துல நிக்கிறது யாரு?"

ஒன்றுமில்லை.

"எங்க வலிக்குது?"

அதற்கும் இல்லை. "சும்மா அமுக்குறாருங்க. கேள்வி புரியல போல" என்றார் தெரபிஸ்ட்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "ஒழுங்கா அமுக்கேன்டா! மானத்த வாங்காத!"

அவன் என்னையே பார்த்தபடி வெகுநேரம் அமுக்கினான். தெரபிஸ்ட் பேனாவை எடுத்து, 'புரிந்துகொள்ளவில்லை' என்று எழுதினார். நான் புரோகிராமை மூடினேன். உடனே திரையில் நான்கு வரிகள் வந்தன.

புதன்
அக்கா
தோள்
ஒழுங்காதான் அமுக்குறேன்

வரிமாற்றம் இல்லாவிட்டால் எழுத்துகள் திரைக்கு வராமல் கணினிக்குள்ளேயே சேரும். புரோகிராமை மூடும்போது மொத்தமாகக் கொட்டும். பத்து வருடமாக இதே வேலை பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் தப்பு அவன்மேல்தான் என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டேன்! வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தெரபிஸ்ட் எழுதியதை அடித்துவிட்டு, மூன்று பதில்களையும் குறித்துக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தையும் உடனே வெளியே தள்ளும்படி ஒரே ஒரு வரி சேர்த்து, புரோகிராமை மறுபடி ஓடவிட்டேன்.

"என்மேல கோவமாடா?"

பெருவிரல் அசைந்தது. 'ஆ' வந்தது. கொஞ்சம் பொறுத்து 'மா' வந்தது.

நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஏழு மாதத்தில் அவன் என்மேல் கோபப்பட்டது அன்றைக்குத்தான்.