நிரந்தரக் குடியிருப்பு

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாதா கோயிலில் உபதேசியாராக இருந்த ராயப்பன், சொல் விஷயத்தில் மகா கறார். ஞானோபதேசத்தில் ஒரு சொல் பிசகினாலும் அவரிடம் செல்லாது. மூக்கன் மகள் பேச்சியம்மா, வேதக்கார மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வதற்காக கிறிஸ்தவ வேதத்தில் சேர வந்தவள். சர்வேசுரன் யார் என்று மூன்று ஞாயிறு கேட்டார். மூன்று தடவையும் அவள், "நம்மளப் பாத்துக்கிறவருங்க" என்றாள். புத்தகத்தில் ஆறு வரி இருக்க, இவள் ஒரே வரியில் கடவுளை முடித்துவிட்டாளே என்று அவருக்கு ஆத்திரம். பாடம் வந்த பிறகு வா என்று அனுப்பிவிட்டார். கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிப்பதும் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். மோட்சத்துக்கே வழி சொல்லுகிறவர் முணுமுணுப்புக்கா மசிவார்?

1954இல் பிரஜாவுரிமை விசாரணைக்கு ஹட்டனுக்கு வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. ராயப்பன் பிறந்தது இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவருடைய அப்பனைப் புதைத்ததும் இங்கேதான். ஆனாலும் அவர் எந்த நாட்டுக்காரர் என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். காகிதம் கிடைத்தால் அவரும் மனைவி சவரியாயியும் பிள்ளைகளும் இந்த நாட்டார். கிடைக்காவிட்டால் எந்த நாட்டாரும் இல்லை. என்ன கேட்டாலும் இங்கேதான் இருப்போம் என்று மட்டும் சொல்லும்படி தொழிலாளர் சங்கத்துத் தலைவர் எல்லாருக்கும் படித்துப் படித்துச் சொன்னார். எழுத்து வாசனை இல்லாத சனத்துக்கு அது போதும் என்று ராயப்பன் நினைத்துக்கொண்டார்.

ஹட்டனில் விசாரணை அறைக்குள் மூக்கன் முன்னால் போனான். "இங்கதாங்க" என்றான், வெளியே வந்தான். அடுத்தது ராயப்பன். அதிகாரி இங்கிலீஷில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். இலங்கையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் உண்டா?

நிரந்தரம் என்று காதில் விழுந்ததும் உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நிரந்தரம்னா முடிவே இல்லாததுங்க ஐயா. அப்படியொரு குடியிருப்பு மனுசனுக்கு இந்த உலகத்துல கெடையாது. மோட்சத்துல மட்டுந்தான். இங்க நாம வழிப்போக்கருங்க."

இவ்வளவு அழகான விளக்கத்தை மொழிபெயர்ப்பாளர் நாலே சொல்லில் அதிகாரியிடம் சேர்த்தார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். தம்முடைய விளக்கம் அரசாங்கப் பதிவேட்டில் ஏறுகிறது என்று ராயப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏறியது என்னவென்று மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் தமக்கில்லை என்று மனுதாரரே ஒப்புக்கொண்டபடியால் மனு தள்ளப்பட்டது. "இங்கதாங்க" என்ற ஒரே சொல்லுக்கு மூக்கனுக்குக் காகிதம் வந்திருந்தது.

"இருக்கப் போறீங்களான்னுதானே கேட்டாங்க. ஆமான்னு சொல்ல வாய் வரலையா ஒங்களுக்கு?" என்றாள் சவரியாயி. அன்று சாயந்திரம் அவர் அப்பனைப் புதைத்த மேட்டில் போய் நின்றார்.

அந்த ஞாயிறு பேச்சியம்மா நாலாவது தடவையாக வந்து நின்றாள். சர்வேசுரன் யார் என்று கேட்டார். அவள் பயந்துகொண்டே, "நம்மளப் பாத்துக்கிறவருங்க" என்றாள்.

ராயப்பன் புத்தகத்தை மூடினார். அடுத்த வாரமே ஓலை வாசிக்கச் சொல்கிறேன் என்றார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மீதி ஐந்து வரி என்னாவது என்று கேட்டாள்.

"அந்த அஞ்சும் எனக்கு மனப்பாடம், புள்ள. அதுக்கு என்ன கெடச்சுதுன்னு ஒங்கப்பனைக் கேளு" என்றார்.