நிழலில் ஆறவிடவும்

1

நான்காவது வரியை நான் வாசித்துக் காட்டவில்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று தெருவில் பேர். போன மாதம் (1968 என்று குறித்துக்கொள்ளுங்கள்) எங்கள் தெரு மெகருன்னிசா அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பி, பீரோவிலிருந்து ஒரு சீமைக் கைப்பையை எடுத்துக் காட்டினார். வெண்ணெய் நிறத் தோல். பாவம், வெடித்துச் சுருண்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அது எப்படிக் கெட்டது என்று சொன்னார். சொல்லி முடித்துவிட்டு உள்ளேயிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுல என்னமோ போட்டிருக்கு. இம்புட்டு நாளா யாரும் படிச்சுச் சொல்லல. பாருங்க."

பையைப் பாதுகாக்கும் முறை அது. ஒன்று: மழையிலும் பனியிலும் வெளியே கொண்டு போக வேண்டாம். இரண்டு: துணியில் சுற்றி வைக்கவும். மூன்று: ஈரம் பட்டால் உள்ளே காகிதம் திணித்து நிழலில் ஆறவிடவும். நான்கு: எந்தக் காரணத்துக்காகவும் வெயிலில் வைக்கக் கூடாது.

"கடைசி வரி என்ன?" என்றார்.

"கடைக்காரன் விலாசம்" என்றேன்.

2

முதல் தொடக்கம்: "வானம் கறுத்தது. மெகருன்னிசாவின் முகமும்—"

வேண்டாம். வானம் கறுத்தால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் முகம் கறுக்காது, தீப்பெட்டிக்காரர்களைத் தவிர.

இரண்டாம் தொடக்கம்: "பட்டாசு ஆர்டர் பிடிக்கப் பம்பாய் போன மீரான் மைதீன் ஊர் திரும்பியபோது, டிரங்குப் பெட்டியில் ஒரு கைப்பை இருந்தது."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

(கதைக்குள் அந்த அம்மாளை "அவள்" என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.)

மீரான் மைதீன் அவள் புருஷன், பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஏஜண்டு. இளவயதில் திரி வைத்து வெடி கட்டியவர். காரியாபட்டியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற அவள் பிறந்த வீட்டில் அவருக்கு "வெடிக்கட்டு மாப்பிள்ளை" என்று பேர். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் இந்த மாதிரிப் பேரெல்லாம் உரியவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? கல்யாணமாகி ஒன்பது வருஷமாக மாமனார் வீட்டு விசேஷங்களில் அவர் பந்தலின் கடைசியில் நின்றே பழகியிருந்தார்.

பையை வாங்குமுன் என்ன தோல் என்று கடைக்காரனிடம் மூன்று முறை கேட்டாராம். கன்றுத்தோல்தான் என்று அவன் சத்தியம் செய்த பிறகே தொட்டாராம். உள்ளே பொன்னெழுத்தில் ஒரு பேர் இருந்தது.

"இது யாரு பேரு?" என்றாள் மெகருன்னிசா.

"பையிக்கு உருவம் வரைஞ்சு குடுத்தவன் பேராம்."

"தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுற மாதிரியா?"

"அடி போடி. ஒன் தங்கச்சி நிக்காஹுக்கு இத மாட்டிக்கிட்டு நீ எனக்கு முன்னால நடக்கணும். ஒங்க ஆளுக அம்புட்டுப் பேரும் பாக்கணும்."

நிக்காஹுக்கு எட்டு மாசம் இருந்தது. அந்த எட்டு மாசமும் அவர் பையைக் காத்தார். சித்திரையில் புழுதி ஆகாது, ஆடியில் காற்று ஆகாது, ஐப்பசியில் ஈரம் ஆகாது. கப்பலில் போகிற சரக்குக்குக் கட்டுவது போல உள்ளே எண்ணெய்த்தாள், வெளியே தீப்பெட்டி ஒட்டும் நீலத்தாள், அதற்கும் மேலே தன் கல்யாண வேட்டி. அவள் ஒருமுறை லேடி டாக்டரிடம் போகும்போது எடுத்துப் போகவா என்று கேட்டாள். "பொறு" என்றார். இன்னொருமுறை கேட்டபோது, "பனி எறங்குதுல்ல, பொறு" என்றார்.

(முதல் பிரதியில் இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: "தன் மானத்தை மாட்டிவைக்க அவருக்கு மனைவியின் தோள் ஓர் ஆணியாக—". அடித்துவிட்டேன். எழுதும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாண வேட்டியைக் கிழிசலுக்குப் பயப்படாமல் பைக்குச் சுற்றிய மனுஷனை அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை.)

3

அந்த வருஷம் கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டது. பதினோரு நாள். நிக்காஹுக்கு இன்னும் நான்கு நாள் இருக்க, மீரான் மைதீன் ஆர்டர் விஷயமாக நாகப்பூர் போயிருந்தார். மழை விட்ட காலையில் மெகருன்னிசா கட்டை அவிழ்த்தாள். வேட்டி நமுத்திருந்தது. பை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம்.

பக்கத்து வீட்டு மாரித்தாய் தீப்பெட்டி ஒட்டுகிறவள். அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"என்னக்கா செய்வேன்? அவுக வந்தா என்ன சொல்வேன்?"

"ஏ தாயி, ஈரந்தானே! இதுக்குப் போயி அழுவாகளா? வெளிய பாரு, வெயிலு சும்மா சுள்ளுனு அடிக்கி. ஒரு பொழுது காஞ்சா எல்லாம் சரியாப் போவும். ஏந் தீப்பெட்டியோட சேத்து மாடியில வையி."

பிழை திருத்துகிறவன் சொல்கிறேன், இதைப் பிழை என்று கோடு போட என் பென்சில் வரவில்லை. இந்த ஊரில் தீக்குச்சி நமுத்தால் வெயிலில் வைப்பார்கள். லேபிள் ஒட்டினால் வெயிலில் வைப்பார்கள். வெடியைக் கட்டினால் வெயிலில் வைப்பார்கள். வெயிலை நம்பித்தான் இங்கே அத்தனை பேருக்கும் சாப்பாடு. வெயிலால் ஒரு பொருள் கெடும் என்று மாரித்தாய்க்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

மொட்டை மாடியில், ஒட்டிக் காயப்போட்ட நீலப்பெட்டிகளுக்கு நடுவே, பூசணத்தைத் துடைத்துவிட்டுப் பையைப் படுக்க வைத்தார்கள். காக்காய் வராமலிருக்க மெகருன்னிசாவே காவல் இருந்தாள். மதியம் லுஹர் தொழுகைக்கு மட்டும் கீழே போனாள். திரும்பவும் ஏறிவந்து, மறுபக்கம் காயட்டும் என்று பையைத் திருப்பப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேல்பக்கம் கோடைக் கண்மாய் போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தரையோடு இருந்த பக்கம் மட்டும் வாங்கிவந்த நாளில் இருந்தது போலவே பூப்போல இருந்தது.

"ஏவ் வாயில மண்ணப் போட" என்று மாரித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தான சொன்னேன். நாந்தான சொன்னேன்."

"நீ என்னக்கா செய்வ? வச்சது ஏங் கைதானே."

தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். வெடிப்போடு கறையும் சேர்ந்துகொண்டது.

4

இந்த இடத்தில் நான் மூன்று நாள் எழுதவில்லை.

முதலில், அவள் தொழுகைக்குப் போன நேரத்தில் வானத்தில் ஒரு மேகத்தைக் கொண்டுவந்தேன். இந்த ஊரில் வேண்டும்போது மேகம் வந்ததாக எழுதினால் நீங்களே புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

பிறகு பையைத் திருடு கொடுக்க வைத்தேன். திருட்டு என்றால் முதலில் விசாரிப்பது மாடியில் பெட்டி காயப்போட்டவளைத்தான். மெகருன்னிசா அதற்குச் சம்மதிக்க மாட்டாள்.

நாகப்பூர் ரயிலைத் தாமதமாக்கினேன். ரயில் எத்தனை தாமதமானால் என்ன, அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம்தான் நீண்டது. என் கதைக்காக அவளை அப்படி உட்கார வைத்தது எனக்கே பாவமாக இருந்தது. அவர் திட்டுவார் என்று அவளுக்குப் பயமில்லை. அவர் திட்டமாட்டார், அதுதான் பயம். ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு காரியாபட்டிக்கு வருவார். பந்தலின் கடைசியில் போய் நின்றுகொள்வார். இனி ஆயுசுக்கும் அங்கேதான் நிற்பார்.

ஆகவே ரயிலைச் சரியான நேரத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

5

நிக்காஹுக்கு முதல் நாள் மதியம் அவர் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும் வரை பொறுத்திருந்து, பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"வெயில்ல வச்சேன். போச்சு."

மீரான் மைதீன் ஒரு வெடிப்பை விரலால் தடவினார். பிறகு அடுத்ததை. அதற்கும் அடுத்ததை.

"ஏதாச்சும் சொல்லுங்க."

"ஒங்க அண்ணன் சிரிப்பாரு" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அப்புறம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "மெகரு, நீ இத மாட்டி நான் ஒரு நாளும் பாக்கலையே."

"நான் மாட்டியிருக்கேன். கதவச் சாத்திக்கிட்டு, கண்ணாடி முன்னால."

"எத்தன தடவ?"

"நெறைய."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு மாசமா பொறு பொறுன்னே சொல்லியிருக்கேன். எங்க, இப்ப மாட்டு."

மாட்டினாள். அடுப்படி வாசலிலிருந்து தெருக்கதவு வரை நடந்தாள், திரும்பி வந்தாள். இன்னொரு தடவை என்றார். நடந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நன்றாக இருக்கிறாள், அவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிகிறது.

6

"அப்புறம் காரியாபட்டியில என்ன ஆச்சு?" என்று நான் அந்த அம்மாளைக் கேட்டேன்.

"காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

ஆகவே மிச்சம் என் கற்பனை. இரண்டு காரியாபட்டிகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணன் சிரித்தார். இன்னொன்றில் அண்ணன் மனைவி பையைக் கையில் வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒன்று அவளுக்குத் தண்டனை போல இருந்தது. மற்றது நான் அவளுக்குக் கொடுக்கிற லஞ்சம் போல இருந்தது.

எனக்கு எழுத வந்தது இவ்வளவுதான். காரியாபட்டி பஸ் நிறுத்தம். காலை எட்டு மணி. பனி இன்னும் விலகவில்லை. பந்தல் இங்கிருந்தே தெரிகிறது. வாசலில் அவள் அண்ணன் நிற்கிறார், இவர்களைப் பார்த்துவிட்டார். மெகருன்னிசா வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, ஓரடி முன்னால் போய்ப் பையைத் தோளில் மாட்டுகிறாள். நல்ல பக்கம் வெளியே, வெடித்த பக்கம் இடுப்போடு ஒட்டி. இரண்டடி நடக்கிறாள். நிற்கிறாள். திரும்பிப் புருஷனைப் பார்க்கிறாள்.

"என்னங்க, எந்தப் பக்கத்த வெளிய வச்சுக்கிடட்டும்?"

அவர் சொல்லப்போகிற பதிலில்தான் அவர் இன்றைக்குப் பந்தலில் எங்கே நிற்பார் என்பதும் இருக்கிறது. அதை எழுத என்னால் ஆகவில்லை. நீங்கள் ஒருவரோடு குடும்பம் நடத்தியவராக இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் பனியில் நிற்கிறாள்.