தாக்ஸ்டர் வீட்டு வெள்ளிக் கூஜா

கதவு தட்டப்பட்டபோது டார்கஸ் தாக்ஸ்டரின் கையில் இருந்தது வெள்ளிக் காபிக் கூஜா. அதற்குள் இருந்ததோ தேநீர். இங்கிலாந்து ராஜா தேயிலைக்கு வரி போட்ட ஆத்திரத்தில் அமெரிக்காவின் சேலம் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. இனி தேயிலையைத் தொடமாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டார்கஸும்தான். பிடிபட்டால் பிரார்த்தனைக் கூடத்துக் கதவில் பெயரை ஒட்டிவிடுவார்கள். அப்புறம் அவளுடைய தொப்பிக் கடைப் பக்கம் ஈ காக்கை வராது. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

இதெல்லாம் நாக்குக்குத் தெரிந்தால்தானே! பீங்கான் கெண்டியைப் பரணில் ஒளித்துவிட்டு, இன்றுதான் முதல் தடவையாகக் கூஜாவில் தேயிலையைப் போட்டிருந்தாள். வாசனையை மறைக்க ஒரு பிடி காபிக்கொட்டையை அடுப்பில் கருகவிட்டிருந்ததில் வீடெல்லாம் புகை.

ஊர்க் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். முன்னால் நுழைந்தவர் பீப்பாய் செய்கிற ஜோதம் பைக். பின்னால் வந்தவர் வெள்ளி ஆசாரி எலிபலெட் க்ரேன். இந்தக் கூஜாவைச் செய்து, அதன் வயிற்றில் அவள் புருஷனின் கப்பலைப் பொறித்துக் கொடுத்தவரே அவர்தான்.

"இங்க தேயிலை வாசம் வருதுன்னு புகார், தாக்ஸ்டரம்மா" என்றார் பைக்.

"இந்தப் புகையிலயும் அது தெரியுதுன்னா, புகார் சொன்னது மனுசனா வேட்டைநாயா, பைக் ஐயா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. அந்தக் காபிய ஒரு கிண்ணம் ஊத்துங்க, பாப்போம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தேநீர்க் கெண்டியின் மூக்குக்குள் வடிகட்டி இருக்கும். காபிக் கூஜாவில் ஏது? சாய்த்தால் இலையோடுதான் விழும்.

"இருய்யா, மொதல்ல என் கைவேலைய பாரு" என்று க்ரேன் குறுக்கே புகுந்து கூஜாவை வாங்கிக்கொண்டார். "இந்தப் பாய்மரத்துக் கயித்த ஒவ்வொண்ணா எண்ணலாம். இந்த ஊர்ல வேற எவனாவது பொறிப்பானா?"

பெருமை பேசிக்கொண்டே மேசையில் இருந்த கிண்ணத்தில் கொஞ்சம் சாய்த்தார். இரண்டு இலைகள் மிதந்தன. அவற்றைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பயத்தில் டார்கஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

க்ரேன் ஒரே மடக்கில் குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

"தூ! கொட்டைய கரியா வறுத்து, மண்டிகூட அடங்காம... மனுசன் குடிப்பானா இத? ஒனக்கு ஒரு கிண்ணம் ஊத்தட்டா, பைக்கு?"

"ஐயோ சாமி, ஆள விடு!" பைக் இருமிக்கொண்டே தெருவுக்கு இறங்கிவிட்டார்.

கூஜாவை மேசையில் வைத்த க்ரேன் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு இத கடைக்குக் கொண்டாங்கம்மா. மூக்குக்கு உள்ள வடிகட்டி வச்சுத் தர்றேன். வெளிய தெரியாது. இந்த மாசத்துல இது ஆறாவது கூஜா."

"ஆறா! யாரு வீட்டுதெல்லாம்ண்ணே?"

க்ரேன் ஜன்னல் வழியே பார்த்தார். பக்கத்து வீட்டு வேலியில் பைக் மூக்கை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கொண்டாந்தது அவரு சம்சாரந்தான்."