பதினான்காவது கேள்வி

எங்கள் ஊரில் எழுபத்து நான்கு வீடு. எழுபத்து நான்கு பாரத்திலும் பதினான்காவது கேள்விக்கு "இல்லை" என்று எழுதியிருந்தது. எழுதியது நான்தான். முதல் "இல்லை"யை என் வீட்டுக்கே எழுதினேன்.

என் பெயர் சூர்யகலா. ஊர் நீர்வடிப்பகுதிக் குழுவுக்குச் செயலாளர். போடியிலிருந்து தேவாரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, மலையைப் பார்த்து மூன்று கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். பிளஸ் டூ படித்திருக்கிறேன், எழுத்து குண்டு குண்டாக இருக்கும், யாரோடும் பேச்சுவார்த்தை அற்றுப்போகவில்லை. இந்த மூன்று தகுதிக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நீர்வடிப்பகுதி என்றால் என்ன என்று முதல் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "மூக்குல வடியுமே, அதுவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இன்ஜினியர் வினோத்குமார் சின்னப் பையன், கோபப்படத் தெரியாதவர். சாக்பீஸை எடுத்துத் தரையில் மலையை வரைந்தார். எந்தெந்தச் சரிவில் பெய்கிற மழை வடிந்து நம்முடைய ஈச்சோடைக்கு வந்து சேருகிறதோ அவ்வளவும் நீர்வடிப்பகுதி என்றார். அவர் வரைந்த மலை இட்லி மாதிரி இருந்தது. அதற்கும் ஒரு தடவை சிரித்தார்கள்.

ஐந்து வருடத் திட்டம். தடுப்பணை எங்கே, கரையில் என்ன மரம், ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு எந்த இடத்தில் என்று எல்லாம் திட்டத்தில் வரும். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் இருபத்தாறு கேள்வி கேட்டு எழுதி வர வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பதினான்காவது கேள்வி இது: "நீர்நிலையில் நச்சுப்பொருள் ஏதேனும் கலக்கப்படுகிறதா?" இப்படிப் படித்தால் யாருக்கும் புரியாது என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். நம்ம பேச்சில் கேட்போமே என்று, "நம்ம ஓடையில யாராச்சும் வெசம் கலக்குறாகளா?" என்று கேட்டேன்.

ஜனங்கள் பதறிவிட்டார்கள். பொட்டிபுரம் பக்கம் மலையைக் குடைவதாகப் பேச்சு வந்த நாளிலிருந்து, பேப்பரும் கையுமாக யார் வந்தாலும் எங்கள் ஆட்கள் முழித்துக்கொள்வார்கள். அதில் விஷம் என்ற வார்த்தையும் சேர்ந்துகொண்டது. "அந்தப் பாவத்த யாருத்தா செய்வா?" என்றார்கள். "யாரு மேல சந்தேகப்படுற?" என்றார்கள். ஆடு மேய்க்கிற பிச்சைமணி அண்ணன் மட்டும் நிதானமாக, "மீனு பிடிக்க வெசம் வச்சவனையே நாலு ஊரு கூடி வெரட்டினோம். இங்கிட்டு எவன் வருவான்? இல்லன்னு எழுதுத்தா" என்றார். எழுதினேன்.

இரண்டு மாதத்தில் திட்டம் அச்சாகி வந்தது. கலர் வரைபடம். ஈச்சோடை நீலக் கோடாக இறங்கி வந்தது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களிலிருந்து வரும் ஜீப் ரோடு ஓடையைக் கடக்கிற திருப்பத்துக்குக் கீழே, இருநூறு அடி தள்ளி, உறைகிணற்றுக்கு ஒரு சிவப்பு வட்டம். காரணம் என்று கீழே போட்டிருந்தது: ஆண்டு முழுவதும் ஊற்று, ஊருக்கு அருகாமை, மாசு இல்லை. மாசு இல்லை என்பதற்கு ஆதாரம் என் எழுபத்து நான்கு பாரம். பத்திரிகையில் பெயர் வந்த மாதிரி அதை நாலு பேரிடம் காட்டினேன்.

திட்டத்தை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டிய கிராம சபைக்குப் பத்து நாள் இருக்கும்போது பிச்சைமணி அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையில் துண்டு, முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஆடு மூணு போச்சுத்தா. நாந்தேன் கண்ணசந்துட்டேன். திருப்பத்துல போயி மருந்துத் தண்ணியக் குடிச்சிருச்சுக."

"எந்த மருந்து?"

"ஏலத்துக்கு அடிக்கிற மருந்துதேன். சாயங்காலம் ஜீப்பு எறங்கறப்ப அங்கனதான டிரம்மு, ஓசு எல்லாங் கழுவுறாக. டப்பாவயும் அங்கனயே எறியிறாக. ஒனக்குத் தெரியாததா?"

"நீங்க வெசம் கலக்கலன்னு சொன்னீகளேண்ணே."

"ஆமா. வெசம் எங்க இருக்கு? இது மருந்துல்ல?"

அவர் ஏமாற்றவில்லை. எங்கள் ஊரில் விஷம் என்றால் சாகடிக்க வைப்பது. ஏலச்செடிக்கு அடிப்பது மருந்து. செடிக்குத் தண்டு துளைக்கிற புழு வந்தால் மருந்து, இலைப்பேன் வந்தால் மருந்து. கடையிலும் மருந்து என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள், அடிக்கிறவர்களை மருந்தடிக்கிறவர்கள் என்றுதான் சொல்கிறோம். மருந்து எப்படி விஷம் ஆகும்?

நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. அண்ணனுக்கு மோர் கொடுத்தேன், ஆடுகளுக்காக உச்சுக்கொட்டினேன், உள்ளே போய் அரிசி களைந்தேன். அரிசி களைகிறபோதுதான் கொல்லைக் கொடியில் காய்கிற பேன்ட்டைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரனுடையது. அவரும் மருந்தடிக்கிறவர். மேஸ்திரியின் ஜீப்பில் பம்பு, டிரம், ஓஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிற ஐந்து பேரில் ஒருவர். பதினொரு வருடம். அந்த வாடையோடுதான் வீட்டுக்கு வருவார், அந்த வாடையோடுதான் நான் துவைப்பேன். என் வீட்டுப் பாரத்தை எழுதிய காலையிலும் அவருடைய துணி பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துதான் "இல்லை" என்று எழுதினேன். பொய் சொல்ல நினைத்து எழுதியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் யாரோ ஒருத்திக்காக வெட்கப்படுவது போல இருந்தது. உலை கொதித்ததும் அரிசியைப் போட்டேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்ப வீடு வீடாகப் போனேன். ஒரே ஒரு வார்த்தையை மாற்றிக் கேட்டேன்.

"ஓடையில மருந்து கலக்குதா?"

"கலக்காமயா? தெனமுந்தேன்."

அறுபத்தொன்பது வீட்டில் ஆமாம். ஐந்து வீடு பூட்டியிருந்தது. ஒருவரும் அதிர்ச்சி அடையவில்லை. பொன்னுமணி அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அந்தத் தண்ணி பால் மாதிரி வரும், நாங்க காலையில வெரசாப் போயித் தொவச்சிட்டு வந்துருவோம்" என்று எனக்கு யோசனை சொன்னார். கோபப்பட ஆள் தேடித்தான் போனேன். அகப்படவில்லை. என்னிடமும் கோபம் இல்லை என்பதால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

பாரங்களைத் தூக்கிக்கொண்டு போடிக்குப் போய் வினோத்குமாரைப் பார்த்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அக்கா, கெணத்த மாத்தலாம். மேக்க காட்டுக்குள்ள இருந்து ஒரு கிளை ஓடை வருதுல்ல, அதுக்கு மேல தோட்டம் கிடையாது. குழாய்தான் முக்கா கிலோமீட்டர் கூட வரும். ஆனா ஃபைல் மேல போயாச்சு. அறுபத்தொம்பது பேரு கேள்விப்பட்டோம்னு சொன்னா பத்தாது. முன்னாடி இல்லன்னு சொன்ன அதே ஆளுங்கதானன்னு கேப்பாங்க. கழுவுற ஆள் ஒருத்தர் வாக்குமூலம் வேணும். எங்க, எத்தனை வருஷமா, என்ன மருந்து, எல்லாம் எழுதி அவர் கையெழுத்து. திங்கக்கிழமைக்குள்ள."

"தண்ணிய டெஸ்டுக்கு அனுப்பக் கூடாதா தம்பி?"

"இன்னைக்கே அனுப்புறேன். ரிசல்ட் வர ஒன்றரை மாசம். அதுக்குள்ள உறை எறக்கிருவாங்க."

நான்கு பக்கப் பாரம் ஒன்றைக் கொடுத்தார். ஒரு கேள்வியையும் விடாமல், வரிசையாக, ஆளை எதிரே வைத்துக் கேட்டு எழுத வேண்டும் என்றார்.

மருந்தடிக்கிற ஐந்து பேரில் நான்கு பேர் வீட்டுக்குப் போனேன். சுருளி என்னைவிட இளையவன், மதினி என்று முறை சொல்லிக் கூப்பிடுகிறவன். அவன் பாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"மதினி, கையெழுத்துப் போட்டேன்னு வைய்யி, மேஸ்திரி மறுநா ஜீப்புல ஏத்த மாட்டாரு. இவரு மட்டுமா? ஒருத்தரு ஏத்தலன்னா எந்த மேஸ்திரியும் ஏத்த மாட்டாக. நீ சொல்றது நெசந்தேன். நெசங்கிறதுனாலதான் போட முடியல."

மற்ற மூன்று பேரும் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் டீ கொடுத்துச் சொன்னார். ஐந்தாவது ஆளிடம் நான் போகவில்லை. ஐந்தாவது ஆள் என் வீட்டில் இருந்தார். அவர் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது என்பது ஒரு காரணம். கேட்டால் போட்டுவிடுவார் என்பது பெரிய காரணம். பாரத்தை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தேன். ஊர் முழுவதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகிறது, நாங்களும்தான் குடிக்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் செருகினேன். சனிக்கிழமை இரவு நன்றாகவே தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மருந்தடிப்பு இல்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், "சுருளி சொன்னான். அந்தப் பேப்பரக் கொண்டா" என்றார்.

"வேணாங்க. சோலி போயிரும்."

"போனாப் போகுது. ஏலக்கா குடோன்ல மூட தூக்குறதுக்கு ஆள் கேக்குறாக."

"ஒங்களுக்கு மூட தூக்கிப் பழக்கமில்ல."

"அப்பப் பழகிக்கிறேன். எழுது புள்ள."

எதிரே உட்கார்ந்தார். நான் பேனாவை எடுத்தேன். வினோத்குமார் சொன்னபடி வரிசையாகக் கேட்டேன்.

"பெயர்?"

"ஏ, எம் பேரு தெரியாதாக்கும்?"

"நீங்கதாங்க சொல்லணும்."

"லிங்கேஸ்வரன்."

இடம் சொன்னார். வருடம் சொன்னார். மருந்துப் பெயருக்குக் கொஞ்சம் யோசித்தார். பெயர் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளை மூடி, சிவப்பு மூடி, பூண்டு நாற்றம் அடிக்கிறது ஒன்று, வாடையே இல்லாதது ஒன்று என்றார். அப்படியே எழுதினேன். எப்படிக் கலக்குவீர்கள் என்று அடுத்த கேள்வி.

"டிரம்முல ஊத்திக் கைய விட்டுத்தேன்."

"கையுறை?"

"அத மாட்டிக்கிட்டு ஓசு பிடிச்சா வழுக்கும்."

"முகத்துக்கு?"

"துண்டு."

பதினொரு வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருந்து, அவர் துணியைத் துவைத்து, எனக்கு இதெல்லாம் தெரியாது. போனார், வந்தார் என்றுதான் தெரியும். கேள்விகள் நீண்டுகொண்டே போயின. கடைசிப் பக்கத்தில், "உடல்நலத்தில் ஏதேனும் குறைபாடு உள்ளதா?" என்று இருந்தது. அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. பழகின கை, தன் பாட்டுக்கு "இல்லை" என்று எழுதப் போனது.

"இரு. அது என்ன கேள்வி? படி."

படித்தேன்.

கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். படுத்தால் இரண்டு பாதமும் எரிகிறது. ஏலத்தோட்டத்துச் சரிவில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். ஒரு வருடமாக விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. அதனால்தான் டீ-சர்ட்.

போன தீபாவளியிலிருந்து அவர் டீ-சர்ட்தான் போடுகிறார். இந்த வயதில் என்ன இளந்தாரி மோகம் என்று நான் பொன்னுமணி அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பக்கத்திலிருந்த இவரும் கூடச் சிரித்தார்.

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீயும் கேக்கல, நானும் சொல்லல. மருந்துன்னா அப்பிடித்தேன் இருக்கும்னு இருந்துட்டேன்." பிறகு, "இப்பக் கவருமெண்டு கேக்குது, சொல்றேன். எழுது" என்றார்.

கட்டம் ஒரு வரிக்குத்தான் இருந்தது. பத்தவில்லை. ஓரத்தில் எழுதினேன், அங்கேயும் பத்தாமல் பின்பக்கத்தில் எழுதினேன். கால், விரல், விழுந்தது, எத்தனை மாதம் எல்லாம் என் குண்டு எழுத்தில் எழுதினேன். எழுதி முடித்துப் பாரத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் பேனாவை எடுத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தார். விரலுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. இந்தக் கையெழுத்துக்குப் பிறகு எந்த ஜீப்பும் அவரை ஏற்றாது. ஏற்ற வேண்டாம் என்று நான் முதல்முறையாக நினைத்தேன். நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பேனாவைச் சுற்றி மடக்கிவிட்டேன். நான் தொடுவது அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"போடுங்க" என்றேன்.