இருவருக்கு ஒரு மழை ஜாக்கெட்

1.

இந்தக் கதை போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாய்மரப் படகில் பிறந்தது. முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் அந்தப் படகில் என் மனைவியும் இருந்தாள். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள்.

முதல் வரியாக இதை வைத்திருந்தேன்: 'கடல் அன்று யாரையும்...'

வேண்டாம். கடல் மேல் பழி போடப் பார்க்கிறேன்.

2.

மழை ஜாக்கெட் வாங்கப் போன கடையிலிருந்து தொடங்குகிறேன். படகு ஓட்டக் கற்றுக்கொண்ட மைத்துனன் எங்களைக் கூப்பிட்டிருந்தான். எங்கள் வீட்டில் எதையும் இரண்டாக வாங்குவதில்லை. இருவருக்கும் ஒரே அளவு உடம்பு என்பதில் எங்களுக்குப் பெருமை. [பெருமையா? கஞ்சத்தனம். பெருமை என்பது நாங்கள் அதற்கு வைத்த பெயர்.]

"படகுக்கும் ஆகணும், தினம் நான் வேலைக்கும் போட்டுட்டுப் போகணும்," என்றாள் மனைவி. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். மழையானாலும் பேருந்துக்கு நடந்துதான் போவாள்.

"படகுக்குன்னா காலர் காது வரைக்கும் வரணும், மணிக்கட்டுல இறுக்கமா பட்டை இருக்கணும். அதைத் தினம் போட்டா புழுங்குமே," என்றார் கடைக்காரர். "ரெண்டா வாங்கிடுங்களேன்."

அவள் மெல்லிய நீல ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் தடித்த மஞ்சளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நீலத்தைக் கழற்றினாள்.

"அவருக்குப் பிடிச்சதையே குடுங்க. புழுக்கம் பழகிடும்."

3.

[இந்தப் பகுதியை எழுதி எழுதி அடித்தேன்.]

கரையில் நல்ல வெயில். "நீங்களே போட்டுக்குங்க," என்றாள். துறைமுகத்தைத் தாண்டியதும் காற்று ஏறியது. ஓர் அலை வந்து அவளைத் தலையோடு நனைத்தது. அவளுக்குப் பற்கள் தந்தியடித்தன.

சுக்கானைப் பிடித்திருந்த மைத்துனன் கத்தினான்: "மாமா, அதைக் கழட்டி அக்காவுக்குக் குடுங்க."

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் காலருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு பாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. எழுதவே கூசுகிறது, அது சுகமாகவும் இருந்தது.

கரையேறியதும் மைத்துனன் என் முகத்தையே பார்க்கவில்லை. ஈரத்தோடு நின்றவள்தான் அவனைச் சமாதானப்படுத்தினாள்.

"காத்துல அவருக்குக் கேட்டிருக்காதுடா."

4.

அவள் கையில் கொடுத்த கதையில் இப்படி எழுதியிருந்தேன்: 'அவள் மறுக்க மறுக்க, அவன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான்.' எழுதும்போது எனக்குக் கண்கூடக் கலங்கியது. வெட்கக்கேடு. நனைந்தவளிடமே அதைப் படிக்க நீட்டியது அதைவிடக் கேவலம்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்றுகொண்டே கடைசி வரை படித்தாள்.

"நல்லா வந்திருக்கு," என்றாள். தாள்களை மேசைமேல் வைத்தாள். "இதுல வர்ற பொண்ணு குடுத்து வச்சவ."

வெளியே தூறல். மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

5.

சாயங்காலம் வருவாள். அதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

'அவள் உள்ளே வந்ததும் அவன் சொன்னான்: "அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு." அவள் அவன் கையைப் பிடித்து...'

[பார்த்தீர்களா? அதற்குள் மன்னிப்பையும் நானே எழுதிக்கொண்டேன்.]

முடிவை நீங்களே எழுதிவிடுங்கள். என்னிடம் விட்டால் நான் மறுபடியும் நல்லவனாகிவிடுவேன்.