கரூசா என்று கூப்பிட்டவன்

சிகிச்சை முடிந்து கத்தானியா மீன் சந்தைக்கு வேனெரா திரும்பியபோது தலையில் இறுக்கமாக ஒரு துணி கட்டியிருந்தாள். கீமோவில் முடியெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. வெயில் ஏற ஏறத் துணிக்குள் வியர்த்து ஊற்றியது. மத்தியை அலசிக்கொண்டே முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கடை சிரினோ பொறுத்துப் பார்த்தான். சின்ன வயதில் அவளோடு இதே சந்தையில் ஓடித் திரிந்தவன் அவன்.

"அந்தத் துணியக் கழட்டித் தொலையேன், கரூசா."

சின்னப் பெண்ணுக்கு அவர்கள் ஊரில் கரூசா என்று பேர்.

"அறுபது வயசுக் கிழவி உனக்குக் கரூசாவா? இந்தத் தலையப் பார்த்தா வர்ற ஆளும் ஓடிரும்."

"அந்தப் பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? அந்தக் காலத்துல பேனுக்குப் பயந்து பிள்ளைங்களுக்கு ஒட்ட முடி வெட்டிவிடுவாங்களாம். முடி வெட்டின தலைன்னுதான் அதுக்கு அர்த்தம்னு சொல்றாங்க. அப்புறம் அதுவே பிள்ளைங்களுக்குப் பேராயிருச்சு. இத்தனை வருஷம் உன்னைச் சும்மா கூப்பிட்டேன். இன்னிக்குத்தான் பொருத்தமா இருக்கு."

வேனெரா ஈரக் கையை அவன் முகத்தில் உதறினாள். சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் கலங்கியது. துணியை அவிழ்த்து ஐஸ் பெட்டிமேல் போட்டாள். வெறுந்தலையில் கடல்காற்று பட்டது சுகமாக இருந்தது.

அந்நேரம் வந்த ஒரு பெண் அவள் தலையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து மத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னிக்குப் பிடிச்சதா?"

"விடியக்காலைல வந்தது. எவ்வளவு போடட்டும்?" என்று தராசை இழுத்தாள் வேனெரா.