சூடானால் மட்டும்

"மறுபடியுமா மேடம்?" என்றார் மெக்கானிக். கேலியில்லை, அலுப்புதான்.

அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே சர்வீஸ் சென்டருக்கு வந்திருந்தாள். தானாகவே கியர் மாறும் கார், ஓட்டுவது சுலபம் என்று ஆசைப்பட்டு, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டியை இங்கேயே வாங்கினாள். வாரண்டி இந்த மாதத்தோடு முடிகிறது. ஏற்றத்தில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது என்று அவள் எத்தனை முறை கொண்டுவந்தாலும், மெக்கானிக் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நல்லாத்தானே ஓடுது" என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்.

கணவனும் அதே பாட்டுதான். "வண்டியில ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் ஓட்ட வரல." அதற்குமேல் அவனோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை.

"இங்க ஓட்டினா தெரியாதுங்க. நல்லா சூடாகணும். நெரிசல்ல ஊர்ந்து போய் மேம்பாலம் ஏறணும். அப்பதான் மக்கர் பண்ணும்."

வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளை மெக்கானிக் ஒரு பார்வை பார்த்தார். "அவ்வளவு தூரம் போக எனக்கு எங்க நேரம்?"

"நான் உங்களைக் குறை சொல்லல. ஒரே ஒரு தடவை என்கூட வாங்க. இல்லைன்னா பைத்தியம் பிடிச்சிடும் எனக்கு."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோளாறைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் ஏறினாள்.

கடைத்தெருவில் வண்டிகள் ஊர்ந்தன. நின்று நின்று போனதில் அவளுக்குக் கண் சொருகியது. கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. மெக்கானிக் எழுப்பவில்லை. பேச்சுத் துணை இல்லாமல் மேம்பாலம் வரை ஓட்டினார்.

பாதி ஏற்றத்தில் வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. எஞ்சின் அலறியது. கார் முன்னே போகாமல் பின்னுக்கு நழுவப் பார்த்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஹாரன்கள் கத்தின.

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "இதுதான்! இதேதான்!"

"பார்த்துட்டேன்மா, பார்த்துட்டேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வண்டி நடுரோட்ல நிக்குது. நீங்க என்னமோ பரிசு விழுந்த மாதிரி கத்துறீங்க."

வண்டியை எப்படியோ மெல்ல ஓட்டித் திரும்பி வந்தார்கள். வாரண்டி பார்க்கிற அதிகாரி ஸ்கேனரை எட்டிப் பார்த்தார். "கியர் ஆயில் மாத்தாம ஓட்டியிருப்பாங்க. அது வாரண்டியில வராது."

மெக்கானிக் ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் விட்டார். கறுப்பாகப் படர்ந்தது. கருகல் நாற்றம்.

"சார், விக்கிறப்ப புது ஆயில் ஊத்தினதே நாமதான். அதுக்குள்ள இப்படிக் கருகியிருக்குன்னா, உள்ள கிளட்ச் தேயுது. சூடானா பிடிமானம் போயிடுது. மேடம் முதல்லயே சொன்னாங்க, நான்தான் காதுல வாங்கல. கியர்பாக்ஸை இறக்கணும்."

அதிகாரி மோவாயைத் தடவினார். பிறகு, "சரி, வாரண்டியிலயே போடுங்க. ஆனா உதிரிபாகம் வர நாளாகும்" என்றார்.

வெளியே வந்து கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்ன, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களா?"

"இல்ல. கெட்டுப்போயிருக்கு. கியர்பாக்ஸையே இறக்கணுமாம்."

"அப்போ நான்தான் உன்னை..." என்று இழுத்தான். பிறகு, "நான் வந்து கூட்டிட்டு வரவா?"

"எதுல வருவீங்க?"

அவளுக்குச் சிரிக்கவும் சக்தியில்லை. "நானே பஸ்ல வர்றேன். வந்ததும் படுக்கணும், அவ்வளவுதான்."

பஸ்ஸில் இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். இறங்கியபோது நிறுத்தத்தில் அவன் வெயிலில் காத்திருந்தான். அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுடைய மெதுவான நடைக்கு ஈடாக நடந்தான்.